இலை கிள்ளும் நாள்

கண்டங்கத்திரியை ஆசைப்பட்டு நட்டு, தண்ணீர் பாய்ச்சி வளர்த்தவர்கள் ஊசிப்பொத்தைக்காரர்களாகத்தான் இருக்க வேண்டும். மற்ற ஊர்களில் அது தானாக முளைக்கும், தரையோடு தரையாகப் படரும், செருப்பில்லாமல் வருகிறவன் காலைப் பதம் பார்க்கும். தண்டில் முள், இலைக்கு மேலே முள், கீழே முள், பூவைத் தாங்குகிற காம்பிலும் முள். இத்தனை முள்ளையும் வைத்துக்கொண்டு நடுவில் ஊதா நிறத்தில் ஒரு பூவைப் பூத்து, ஒன்றும் தெரியாத மாதிரி வெயிலில் கிடக்கும். சளிக்கும் இளைப்புக்கும் அதைக் கஷாயம் வைத்துக் குடிக்கலாம் என்பது எல்லோருக்கும் தெரியும். தெரிந்துவிட்டு மருந்துக்கடைக்குப் போவார்கள்.

ஊசிப்பொத்தைக்காரர்களுக்கு மருந்துக்கடை உதவவில்லை. ஊருக்குப் பெயர் தந்த பொத்தையை, அந்தக் கரட்டுக் குன்றை, மூன்று தலைமுறையாக உடைத்தவர்கள் அவர்கள். கல்லெல்லாம் துறைமுகமாகவும் எட்டுவழிச் சாலையாகவும் எங்கெங்கோ போய்விட்டது. தூசி மட்டும் ஊரைவிட்டுப் போகாமல் ஆண் பெண் எல்லோருடைய நெஞ்சுக்குள்ளும் தங்கிவிட்டது. கடைசி குவாரியை மூடிப் பதினோரு வருடம் ஆகியும் ஆட்கள் மூச்சு முட்டிச் செத்துக்கொண்டிருந்தார்கள். டாக்டர்கள் அதற்கு நீளமாக ஒரு பெயர் சொன்னார்கள். ஊரில் அதற்குக் கல்மூச்சு என்று பெயர்.

அந்த நேரத்தில் வந்தவர்தான் ஃபெலிக்ஸ் அருளப்பன். கடலோரத்து ஊர்க்காரர், செடிகளின் மரபணுவில் கைவைத்துத் திருத்துகிற விஞ்ஞானி. காட்டுக் கண்டங்கத்திரியைக் கொண்டுபோய் ஆறு வருடம் என்னென்னவோ செய்து, திரும்பக் கொண்டுவந்து ஊர்ப் புறம்போக்கில் எட்டு வயல்களாக நட்டார். அரசாங்கக் காகிதத்தில் அதற்கு ஒரு எண் இருந்தது. ஊரார் ‘சார் கத்திரி’ என்றார்கள். எட்டு நாளைக்கு ஒரு வயல் என்று முறை வைத்து, வேரை விட்டுவிட்டுத் தழையை மட்டும் அறுப்பார்கள். அதை அண்டாவில் கொதிக்கவைத்து, தினமும் காலையில் கொட்டகையில் ஆளுக்கு ஒரு டம்ளர் ஊற்றுவார்கள். குடித்தால் அன்றைக்கு மூச்சு ஓடும். இரண்டு நாள் தவறினால் நெஞ்சு அடைத்துக்கொள்ளும்.

செண்பகவடிவுக்கு அந்த மருந்துத் தோட்டத்தில் சோதனை வேலை. ஊரில் ஆய்வகப் படிப்பு படித்தவள் அவள் ஒருத்திதான். அந்தப் படிப்பின் மேல் அவளுக்குக் கொஞ்சம் கர்வம் உண்டு, அதை மறைக்கவும் தெரியாது. அவள் புருஷன் ஆவுடைநாயகம் பத்தொன்பது வருடம் கிரஷர் ஓட்டியவர். அறுபது வயதுகூட ஆகவில்லை, நாலு படி ஏறினால் உட்கார்ந்துவிடுவார். இந்தக் கதையில் வேறு எதை மறந்தாலும் இதை மறக்கக் கூடாது: காலையில் அந்த டம்ளர் இருந்தால் ஆவுடைநாயகம் இருப்பார், இல்லாவிட்டால் இருக்க மாட்டார். வடிவு வேலைக்குப் போனதே அதற்காகத்தான்.

அறுப்புக்கு முந்தின நாள் சாயங்காலம் வயலில் இரண்டு காரியம் நடக்கும். அறுப்புப் பெண்களுக்குத் தலைவி தங்கபுஷ்பம், வயலின் ஈசான மூலையில் இருக்கும் செடிக்கு மஞ்சள் தடவிய நூலைக் காப்பாகக் கட்டுவாள். மூலிகையைக் கேட்காமல் பறித்தால் அது மருந்தாக இருக்காது என்பது அவள் கட்சி. கண்ணை மூடிக்கொண்டு, “நாளைக்கு உன்னைய எடுக்க வாரோம் தாயி. உயிரு பிழைக்கத்தான் எடுக்கோம். கோவப்படாம, வீரியம் குறையாம வந்து சேரு” என்பாள். அதே நேரத்தில் வடிவு பக்கத்துச் செடியின் நுனியிலிருந்து மூன்றாவது இலையை நகத்தால் கிள்ளிச் சோதனைப் பெட்டிக்குள் போடுவாள். அறுப்புக்கு முன்னால் இலையைச் சோதிக்க வேண்டும் என்று அனுமதிக் காகிதத்திலேயே எழுதியிருக்கிறது. தங்கபுஷ்பம் கும்பிட்டு முடிக்கவும் பெட்டியில் பச்சை விளக்கு எரியவும் சரியாக இருக்கும்.

“உன் பொட்டிச் சாமி என்னளா சொல்லுது?”

“பச்சை காட்டிட்டுக்கா.”

“எஞ்சாமியும் சரின்னுட்டு. நாளைக்கு அறுத்துருவோம்.”

ஐந்து வருடம் இப்படியே நல்லபடியாகப் போயிற்று.

ஆறாவது வருடம் தை பிறந்து கொஞ்ச நாளில், ஊரில் இருமல் சத்தம் குறைந்தது. ஊசிப்பொத்தையில் விடியற்காலையை அறிவிப்பது சேவல் இல்லை, வீட்டுக்கு வீடு எழும்புகிற இருமல்தான். அது தேய்ந்து தேய்ந்து ஒருநாள் இல்லாமலே போனது. ஆவுடைநாயகம் டீக்கடை வரைக்கும் நடந்தே போய்வந்தார். வழியில் எங்கேயும் நிற்கவில்லை என்று வந்து பெருமையாகச் சொன்னார். வடிவு அடுப்படிக்குள் போய்ச் சத்தமில்லாமல் அழுதாள், சந்தோஷத்தில்தான். ஃபெலிக்ஸ் சார் படத்தை நாலு வீட்டில் சட்டம் போட்டு மாட்டினார்கள்.

அப்புறம்தான் சாவுகள் ஆரம்பித்தன. கல்மூச்சு ஊரில் சாவு புதிதில்லை, அதனால் முதலில் யாரும் கவனிக்கவில்லை. ஒருத்தர் மத்தியானம் படுத்தவர் எழுந்திருக்கவில்லை. ஒருத்தி முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தவள் அப்படியே சுவரில் சாய்ந்துவிட்டாள். ஏழாவதாகப் போனவன் மூக்காண்டி. ஆவுடைநாயகத்தோடு ஒரே கிரஷரில் நின்றவன். டீக்கடை பெஞ்சில் பேப்பர் படித்தபடியே செத்திருந்தான். பக்கத்தில் இருந்தவர் அவன் முடித்துவிட்டுத் தருவான் என்று அரைமணி நேரம் பேப்பருக்காகக் காத்திருந்தாராம்.

துஷ்டி விசாரிக்கப் போன வடிவிடம் மூக்காண்டி பெண்டாட்டி பேச்சியம்மாள் அழுகைக்கு நடுவே சொன்னாள். “பத்து நாளா அதையே சொல்லிக்கிட்டு இருந்தாவ. எளவட்ட மூச்சு திரும்பிட்டு பேச்சி, திரும்பிட்டுன்னு. செத்த மொவமாளா இது? தூங்குத மாதிரில்லா இருக்காவ.”

வடிவு மூக்காண்டியின் விரல்களைப் பார்த்தாள். நகங்கள் நாவற்பழம் தின்ற நாக்கைப் போல நீலம் பாரித்திருந்தன. அவளுடைய அப்பா கல்மூச்சில் போனவர். மூன்று நாள் தலையணைமேல் குனிந்து உட்கார்ந்து, ஒவ்வொரு மூச்சுக்கும் போராடி, கண் பிதுங்கித்தான் போனார். காற்றில்லாமல் சாகிறவன் பேப்பர் படித்துக்கொண்டே சாக மாட்டான். யாரிடமும் எதுவும் சொல்லாமல், அடுப்படியில் இருந்த தூக்குவாளியில் மூக்காண்டி குடித்து மிச்சம் வைத்த கஷாயத்தை எடுத்துக்கொண்டு வந்தாள்.

மறுநாளே ஃபெலிக்ஸ் வந்துவிட்டார். நகரத்திலிருந்து பெரிய கருவி ஒன்றைத் தூக்கிக்கொண்டு வந்திருந்தார். கொட்டகைக்குப் பின்னால் இருந்த சோதனை அறையில் கஷாயத்தை அதில் விட்டு, திரையில் ஏறிய கோடுகளை ஒவ்வொன்றாகப் படித்தார்.

“வடிவும்மா, இதுல நம்ம மருந்து இருக்கு. கூடவே இன்னொண்ணும் இருக்கு.”

“எம் பொட்டி காட்டலையே சார். ஒவ்வொரு தடவையும் பச்சைதான்.”

“உங்க பெட்டியை ஒரு பொருளைத்தான் தேடச் சொல்லியிருக்கோம். இருந்தா பச்சை. வேற என்ன இருக்குன்னு நாம அதுகிட்ட கேக்கவே இல்லையே.” அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். “மூச்சு முட்டுதுன்னு நமக்கு எப்படித் தெரியுது? ரத்தத்துல காத்து குறைஞ்சா மூளைக்குள்ள ஒரு ஆளு மணி அடிக்கான். அவன் அடிக்கிற அடியிலதான் நாம பதறி மூச்சை இழுக்கோம். இந்தப் பொருளு அந்த ஆளைத் தூங்க வச்சிருது. நெஞ்சு பழையபடிதான் இருக்கு, காத்தும் பத்தலை. ஆனா பத்தலைங்கிறது தெரியாது. இருமல் வராது, இளைப்பு வராது, சுகமா இருக்கும். உடம்புல கொஞ்சம் கொஞ்சமா சேந்து, ஒருநாள் அவன் முழிக்கவே மாட்டான்.”

வடிவுக்கு ஆவுடைநாயகம் டீக்கடைக்கு நடந்துபோனது நினைவுக்கு வந்தது.

“செடி எதுக்கு சார் இப்படிப் பண்ணுது? நம்ம என்ன பாவம் பண்ணினோம் அதுக்கு?”

“அது யாரையும் கொல்ல நினைக்காதும்மா. அதுக்கு மூளையே கிடையாது. எந்தச் செடியும் தன்னை வெட்டுறாங்கன்னா கசப்பைக் கூட்டும். அந்தக் கசப்பைத்தான் நாம மருந்துன்னு எடுக்கோம். நான் பண்ணினது ஒண்ணுதான். ஒரு செடியில அரிவாள் பட்டா, வயல் முழுக்க அது தெரியுற மாதிரி காதைத் தீட்டி விட்டேன். முதல் வரிசையை அறுக்கும்போதே கடைசி வரிசை கசப்பை ஏத்தி வச்சிரும், மருந்து கூடுதலாக் கிடைக்கும்னு. நல்லாத்தான் வேலை செஞ்சுது.” அவர் ஜன்னல் வழியாக வயலைப் பார்த்தார். “ஒரு மணி நேரத்துல மருந்து மட்டும்தான் செய்ய முடியும். ஆனா ராத்திரி முழுக்க நேரம் கிடைச்சா, அதுக்கு மேலயும் செய்யும்போல. நாளைக்கு வெட்டப்போறாங்கன்னு அதுக்கு முந்தின நாளே தெரியுது. வருஷக்கணக்கா ஒரே அடையாளம் பாத்துப் பழகியிருக்கு. முந்தின நாள் வயல்ல என்ன நடக்கும்?”

வடிவு சொன்னாள். நூலைப் பற்றி அவள் வாய் திறந்ததுமே அவர் தலையை ஆட்டினார். இரண்டு பேரும் படித்தவர்கள். மஞ்சள் நூலும் கும்பிடும் இருக்கிற இடத்தில் தப்பு வேறு எங்கேயாவது இருக்கும் என்று இரண்டு பேருக்குமே தோன்றவில்லை.

அன்று சாயங்காலம் வடிவு தங்கபுஷ்பத்திடம் போய் எல்லாவற்றையும் சொன்னாள். பதமாகச் சொல்லியிருக்கலாம். ஏழு சாவைப் பார்த்த பதற்றத்தில் பதம் தவறிவிட்டது.

“அப்ப ஏழு பேரையும் நாந்தாங் கொன்னேங்கியா?”

“வேணும்னு செய்யலக்கா நீங்க. அந்தக் காப்புதான் செடிக்கு முன்கூட்டியே சொல்லிக் குடுத்துருது.”

“கேட்டு எடுக்கது தப்பா? கேக்காம எடுத்தா அதுக்குப் பேரு களவுல்லா?” தங்கபுஷ்பத்தின் குரல் உடைந்தது. “மூக்காண்டி எனக்குத் தம்பி முறை. அவனுக்காவ எத்தனை காப்பு கட்டியிருப்பேன்.”

பேச்சு அதோடு நிற்கவில்லை. விஷயம் ஊருக்குள் பரவி, பேச்சியம்மாள் தங்கபுஷ்பம் வீட்டு வாசலில் வந்து மண்ணை வாரித் தூற்றினாள். குழாயடியில் அவள் குடம் வைத்தால் மற்றவர்கள் குடத்தை நகர்த்தினார்கள். தங்கபுஷ்பம் யாரிடமும் சண்டைக்குப் போகவில்லை. நூல்கண்டைத் தூக்கி எறிந்துவிட்டு, வாயை மூடிக்கொண்டு வேலைக்கு வந்தாள்.

ஃபெலிக்ஸ் பெரிய கருவியை வடிவிடம் விட்டுவிட்டு ஊருக்குப் போனார். அதுவரைக்கும் வைத்திருந்த தழையையெல்லாம் குழியில் கொட்டி மூடினார்கள். மறுநாளே அடுத்த அறுப்புக்கு நாள் வைத்தார்கள். நூல் இல்லை, கும்பிடு இல்லை. வடிவு மட்டும் போய் மூன்றாவது இலையைக் கிள்ளினாள். சின்னப் பெட்டியிலும் பச்சை, பெரிய கருவியிலும் சுத்தம். அன்றைக்கு அவள் நிம்மதியாகச் சாப்பிட்டாள்.

மறுநாள் அறுத்த தழையைக் கொதிக்கவைத்து, யாருக்கும் ஊற்றும் முன் ஒரு கரண்டி எடுத்துக் கருவியில் விட்டாள். சிவப்பு எரிந்தது. மூக்காண்டியின் தூக்குவாளியில் இருந்ததைவிட அதிகமாக இருந்தது. அவள் துடைத்துவிட்டு மறுபடி விட்டாள், மறுபடியும் சிவப்புதான். அண்டாவை மூடச் சொல்லிவிட்டு வயலுக்கு ஓடினாள்.

தங்கபுஷ்பம் அறுத்த வயலில் உதிர்ந்த தழையைக் கூட்டிக்கொண்டிருந்தாள். வடிவு முகத்தைப் பார்த்ததுமே அவளுக்குப் புரிந்துவிட்டது.

“என்ன, இன்னும் இருக்கா?”

வடிவு தலையை மட்டும் அசைத்தாள்.

“நான் கட்டல. கையெடுத்துக் கும்பிடவும் இல்ல. நேத்து இந்த வயல்ல காலடி எடுத்து வச்ச ஆளு நீ ஒருத்திதான்.” தங்கபுஷ்பம் விளக்குமாற்றை ஊன்றிக்கொண்டு நின்றாள். “நான் நூலுதாங் கட்டினேன், வடிவு. அதும் நோவாம. பக்கத்துல நின்னு பிச்சது யாரு?”

வடிவு தன் நகத்தைப் பார்த்தாள். இலை சுத்தமாக இருந்ததில் என்ன ஆச்சரியம்? கிள்ளுகிறவரைக்கும் செடிக்கு ஒன்றும் தெரியாது. கிள்ளிய பிறகுதான் அது ராத்திரி முழுக்க வேலை செய்கிறது. அவள் கையிலிருந்த பச்சை விளக்கு ஒவ்வொரு தடவையும் உண்மையைத்தான் சொன்னது, நேற்றைய உண்மையை. சோதனைதான் சேதி கொண்டுபோனது. ஐந்து வருடமாக, தவறாமல், ஒரே இலையை, ஒரே நகத்தால்.

போனில் ஃபெலிக்ஸ் முதலில் நம்பவில்லை. “ஒரு இலைம்மா. புழு தினமும்தான் கடிக்குது.”

“புழு கடிச்சா மறுநாள் அரிவாள் வராது சார். நான் கிள்ளினா வருது.”

அவர் அதையே ஒரு தடவை திருப்பிச் சொல்லிப் பார்த்தார். அப்புறம் அவர், இனிமேல் இலையைத் தொடவே வேண்டாம், காய்ச்சிய பிறகு சோதித்துக்கொள்ளலாம், காகிதத்தை நான் மாற்றி வாங்குகிறேன் என்றார். எட்டு நாள் காத்திராமல் மறுநாளே அடுத்த வயலைக் கிள்ளாமல் அறுத்தார்கள். கஷாயம் சுத்தமாக இருந்தது, பழைய மருந்து, முதல் வருடத்து மருந்து. வடிவு தங்கபுஷ்பத்தின் வீட்டுக்குப் போய் மன்னிப்புக் கேட்டாள். தங்கபுஷ்பம் உள்ளே வா என்றும் சொல்லவில்லை, போ என்றும் சொல்லவில்லை. மறுநாள் கொட்டகையில் எல்லோர் முன்னாலும் நின்று, ஏழு சாவும் தன் கையால் வந்தது என்று வடிவு சொன்னாள். சொல்லிவிட்டுக் கல்லடிக்குத் தயாராக நின்றாள்.

யாரும் எறியவில்லை. அதுதான் அவளுக்கு விசித்திரமாக இருந்தது. முன்வரிசையில் இருந்த ஒரு கிழவர் மட்டும், “நல்ல சாவுதான செத்தாவ” என்றார். இரண்டு மூன்று பேர் ஆமாம் என்பதுபோல அவரைப் பார்த்தார்கள்.

நாலே நாளில் இருமல் திரும்பியது. வீட்டுக்கு வீடு, விடியற்காலையில், பழையபடி. ஆனால் பழையபடி என்று சொல்வதும் சரியில்லை. முன்பெல்லாம் அவர்களுக்கு ஒப்பிட்டுப் பார்க்க ஒன்றும் இருக்கவில்லை. இப்போது மூன்று மாதச் சுகம் நெஞ்சில் பதிந்திருந்தது. டீக்கடை பெஞ்ச் காலியானது. வடிவு கலப்படம் செய்கிறாள் என்று ஒரு பேச்சு கிளம்பியது. உண்மை தெரிந்தவர்களே அதையும் சொன்னார்கள்.

ஆவுடைநாயகம் வாசல்படியைத் தாண்டவில்லை. கட்டிலில் முட்டுக்கொடுத்து உட்கார்ந்து, மூச்சை எட்டி எட்டிப் பிடித்துக்கொண்டிருந்தார். ஒரு மத்தியானம் வடிவு அவர் முதுகை நீவிவிட்டுக்கொண்டிருந்தபோது கேட்டார்.

“ஒரு எலைதானாளா?”

“என்னங்க?”

“ஒரே ஒரு எலையக் கிள்ளினதுக்கா வயலு பூராத் தெரிஞ்சுட்டு?”

“ஆமா. நுனியிலருந்து மூணாவது. அந்த இளம் இலையில கிள்ளினாத்தான் காயம் தெரியுமாம், சார் சொன்னாவ.” ஊர் முன்னால் சொன்னதைவிட விளக்கமாக அவரிடம் சொன்னாள். புருஷனிடம் சொல்வதில் என்ன இருக்கிறது என்று நினைத்தாள்.

அவர் கொஞ்ச நேரம் மூச்சைச் சேர்த்துக்கொண்டார். “அப்ப இன்னொரு தடவ கிள்ளேன்.”

அவள் கை நின்றது.

“பயித்தியம் புடிச்சிட்டா உங்களுக்கு? செத்துப்போவீங்க.”

“சாவத்தாம் போறேன். இதக் குடிச்சாலும் சாவத்தாம் போறேன். நாலு வருசமோ அஞ்சு வருசமோ. ஒவ்வொரு நாளும் தண்ணிக்குள்ள முக்கி முக்கி எடுக்க மாதிரி.” இருமல் வந்து பேச்சை அறுத்தது. அடங்கியதும் சொன்னார், “மூக்காண்டி பேப்பர் படிச்சான் வடிவு.”

“நாலு வருசம் என் பக்கத்துல இருப்பீங்கள்லா. எனக்கு அது போதும்.”

“உனக்குப் போதும்” என்றார் அவர். சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டார். வடிவுக்கு ஆத்திரமாக வந்தது. அவர்மேல் இல்லை, அந்த வார்த்தை நியாயமாகப் பட்டதில். தான் உயிரோடு இருக்கிறவரைக்கும் அந்த இலையில் நகம் படாது என்று அன்றைக்கே நினைத்துக்கொண்டாள். அடுத்த அறுப்புக்கு முந்தின நாள் வயல் இருக்கிற திசைக்கே போகவில்லை. மூன்றாம் வயல் அவளைப் பார்க்காமலே அறுபட்டது.

அன்று சாயங்காலம் அவள் ரேஷன் கடைக்குப் போய்விட்டு வந்தபோது கட்டில் காலியாக இருந்தது. கொஞ்ச நேரத்தில் ஆவுடைநாயகம் சுவரைப் பிடித்துக்கொண்டு வந்தார். வேட்டியெல்லாம் புழுதி. காற்று வாங்கக் கொஞ்சம் நடந்தேன் என்றார். நடக்க ஆசை வந்துவிட்டதே என்று அவளுக்குச் சந்தோஷமாகக்கூட இருந்தது.

விடிந்து கொட்டகைக்குப் போனாள். மூன்றாம் வயல் தழையை முந்தின நாளே அறுத்துப் போட்டிருந்தார்கள். முந்தின வயல் தழை எட்டு நாளில் தீர்ந்து, அன்றைக்குத்தான் இதைக் காய்ச்சுகிற முதல் நாள். நாலாம் வயலும் இளசாக இருக்கிறதென்று ஆட்கள் வந்து கேட்டதால், அதிலிருந்து இரண்டு கட்டு விடியலில் சேர்த்து அறுத்ததாகத் தங்கபுஷ்பம் சொன்னாள். வடிவு தலையாட்டிவிட்டு, வழக்கம்போல ஒரு கரண்டி கஷாயத்தைக் கருவியில் விட்டாள்.

சிவப்பு.

நம்பாமல் அவள் தழை குவிந்திருந்த மூலைக்குப் போனாள். மூன்றாம் வயல் தழையைப் புரட்டினாள், ஒன்றும் வித்தியாசமில்லை. நாலாம் வயல் கட்டை அவிழ்த்தாள். நுனியிலிருந்து ஒன்று, இரண்டு. மூன்றாவது இலை இல்லை. அடுத்த கொடியை எடுத்தாள், அதிலும் இல்லை. ஆடு கடித்தால் கிழிந்திருக்கும், புழு தின்றால் ஓட்டை விழுந்திருக்கும். இது காம்போடு நறுக்கென்று நகத்தால் எடுத்தது. கட்டு முழுவதையும் தரையில் பரப்பினாள். ஒரு கொடியிலும் மூன்றாவது இலை இல்லை. ஒரு ஆள் செய்கிற காரியமே இல்லை அது.

“நானும் பாத்தேன்” என்றாள் தங்கபுஷ்பம் அடுப்புக்குப் பக்கத்திலிருந்து. “வரப்பு ஓரம் பூராவும் ஆளுங்க உக்காந்து உக்காந்து நவுந்த தடம் கெடக்கு. குனிய முடியாதுல்லா அவியளுக்கு.” அவள் வடிவைப் பார்க்கவில்லை. “என்ன செய்யதுன்னு நீ சொல்லுவேன்னு காத்திருந்தேன்.”

வெளியே வரிசை நின்றது. வடிவு வெந்நீர் பட்டவள் மாதிரி வெளியே வந்தாள். முதல் ஆள் டம்ளரை நீட்டினான். அவன் விரல் நுனியெல்லாம் முள் கீறியிருந்தது, ஒரு கீறலில் முள் ஒடிந்து உள்ளேயே இருந்தது. அவனுக்குப் பின்னால் பேச்சியம்மாள். அவளும் குவாரியில் ஜல்லி சுமந்தவள்தான். டம்ளரைப் பிடித்திருந்த அவள் விரல்களிலும் ரத்தம் காய்ந்திருந்தது. நல்ல சாவு என்று சொன்ன கிழவர், அவருக்குப் பின்னால் இரண்டு பெண்கள், அவர்களுக்குப் பின்னால் ஆவுடைநாயகம். வடிவு அவர் கையைப் பார்த்தாள். அவர் மறைக்கவில்லை.

“குடிக்காதீங்க” என்று கத்தினாள். “இதுல அது இருக்கு. கருவி சிவப்புக் காட்டிட்டு. யாரும் குடிக்கக் கூடாது.”

யார் முகத்திலும் அதிர்ச்சி இல்லை. நல்ல சேதி கேட்டவர்களைப் போல இரண்டு பேர் ஒருத்தரை ஒருத்தர் பார்த்துக்கொண்டார்கள். டம்ளர்கள் நீட்டியது நீட்டியபடியே இருந்தன.

வடிவு உள்ளே ஓடினாள். துணியைச் சுற்றிக்கொள்ளக்கூட நிற்கவில்லை. கொதிக்கிற அண்டாவின் விளிம்பை இரண்டு கையாலும் பிடித்துத் தள்ளினாள். தங்கபுஷ்பம் தடுக்கவில்லை, ஒரு கணம் யோசித்துவிட்டு அவளும் சேர்ந்து தள்ளினாள். கஷாயம் தரையெல்லாம் ஓடி, வாசல் வழியாக வழிந்து, வரிசையில் நின்றவர்களின் கால்களை நனைத்தது. சூடு தாங்காமல் நகர்ந்தார்களே தவிர யாரும் சத்தம் போடவில்லை. வடிவு பொசுங்கிய கையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு வாசலில் வந்து நின்றாள். இனி ஒன்றும் இல்லை, எல்லாம் கொட்டிப் போயிற்று என்று நினைத்தாள்.

ஆவுடைநாயகம் வரிசையை விட்டு ஓரடி முன்னால் வந்தார். அவள் கையைப் பார்த்து, “தேங்காண்ணெ போடு, கொப்பளிச்சிரும்” என்றார். மூச்சு வாங்கியது, வாங்கி முடிக்கிறவரைக்கும் காத்திருந்தார். அப்புறம் அவளைக் கேட்காமல், அவளுக்குப் பின்னால் நின்ற தங்கபுஷ்பத்தைக் கேட்டார்.

“அடுத்தாப்புல அறுக்கது எந்த வயலு மயினி?”

வரிசையின் கடைசியிலிருந்து யாரோ, “நாலாவதக் குழியில தள்ளிருவாவ, அஞ்சாவது” என்றார்கள்.

டம்ளர்களை மடியில் செருகிக்கொண்டு, ஒருவர் தோளை ஒருவர் பிடித்துக்கொண்டு, இருமிக்கொண்டும் நின்று நின்று மூச்சு வாங்கிக்கொண்டும், வரிசை கலையாமல் அவர்கள் ஐந்தாம் வயலைப் பார்த்து நடந்தார்கள்.